எதிர் பால்கனிக்காக ஜன்னலை முழுக்க மூட வேண்டாம்

கேள்வி: சென்னை கொளத்தூரில் இரண்டாவது மாடியில் இருக்கிறோம். எதிர் ஃபிளாட்டின் பால்கனி 10 அடி தூரத்தில், எங்கள் தளத்துக்கு நேராக இருக்கிறது. படுக்கையறை ஜன்னலில் மிரர் ஃபிலிம் ஒட்டினோம். பகலில் பரவாயில்லை, இரவில் உள்ளே எல்லாம் தெரிகிறது. ஹாலில் எப்போதும் திரைதான். ஜன்னலோரம் உட்கார்ந்து பக்கத்து மனை வேப்பமரத்தைப் பார்ப்பது அம்மாவின் வழக்கம், அதுவும் போய்விட்டது. சட்டப்படி ஏதாவது செய்யலாமா?

பதில்: ஃபிலிமில் பழுதில்லை. வெளிச்சம் எந்தப் பக்கம் அதிகமோ, அந்தப் பக்கம் நிற்பவருக்குத்தான் அது முகம் பார்க்கும் கண்ணாடி. இரவில் விளக்கைப் போட்டால், உங்களுக்கு உங்கள் முகம் தெரியும். அவர்களுக்கு உங்கள் அறை தெரியும். காற்றுக்காக ஸ்லைடிங் கதவைத் தள்ளினாலோ, ஃபிலிமும் கூடவே போய்விடும்.

படுக்கையறைக்கு நான் சொல்வது அரைத் திரை. பழைய வீடுகளில் ஸ்பிரிங் கம்பியில் கொக்கி போட்டு மாட்டுவார்களே, அதேதான். கம்பியைத் தரையிலிருந்து 5½ அடி உயரத்தில் அடியுங்கள். எதிரே அதே தளத்தில் நிற்பவரின் கண் ஏறக்குறைய 5 அடி உயரத்தில் இருக்கும்; திரைக்கு மேலே பார்த்தால் உங்கள் சீலிங்தான் தெரியும். மேல்பகுதி திறந்திருப்பதால் வெளிச்சமும் காற்றும் வரும். துணி கெட்டிப் பருத்தியாக இருக்கட்டும். இரவு விளக்கை ஜன்னல் பக்கச் சுவரிலேயே மாட்டுங்கள். அறையின் உள்பக்கம் இருந்தால், நடுவில் நிற்பவரின் நிழல் திரையில் விழும்.

அவர்களின் மேல்தளத்திலிருந்தும் பார்வை விழுந்தால் அரைத் திரை போதாது. கிடைமட்டப் பட்டையுள்ள பிளைண்ட்ஸ் போட்டு, பட்டையின் வெளி விளிம்பைக் கீழே சாய்த்து வையுங்கள். மேலிருந்து பார்ப்பவருக்குப் பட்டை மறைக்கும், உங்களுக்குத் தெரு தெரியும்.

ஹாலில் அரைத் திரை வேண்டவே வேண்டாம். நாற்காலியில் உட்கார்ந்தால் கண் 4 அடிக்கும் கீழேதான். அம்மாவுக்குத் துணிதான் தெரியும். மரம் பக்கவாட்டில் இருப்பதால், நின்ற பட்டையுள்ள வெர்டிகல் பிளைண்ட்ஸ் சரியாக வரும். அம்மா வழக்கமாக உட்காரும் இடத்திலேயே உட்காரட்டும். பால்கனி மறைந்து மரம் தெரியும்வரை பட்டைகளைத் திருப்புங்கள். கொஞ்சம் அங்கே இங்கே நாற்காலியை நகர்த்த வேண்டியிருக்கும். வயதானவருக்கு அந்த மரம் சாதாரண விஷயமில்லை. திரையை இழுத்துவிட்டு டிவியைப் போட்டுக் கொடுத்தால் ஈடாகாது.

அப்புறம், சட்டம். 1882ஆம் ஆண்டின் இந்திய ஈஸ்மெண்ட் சட்டம் (அடுத்தவர் சொத்தின் மீது ஒருவருக்குள்ள வசதியுரிமை பற்றியது), 18ஆவது பிரிவில் இதற்கே ஓர் உதாரணம் தருகிறது: அண்டை வீட்டின் அந்தரங்கம் கெடும்படி புது ஜன்னல் திறக்கக் கூடாது என்ற வழக்கம் ஓர் ஊரில் இருந்தால், அந்த உரிமையைக் கேட்கலாம். ஆனால் அப்படியொரு வழக்கம் இருப்பதை நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். ஃபிளாட்டுகள் நிறைந்த தெருவில் அது மிகக் கடினம். வழக்குக்குப் போகும் முன் எதிர் வீட்டாரிடம் நேரில் பேசுங்கள். பால்கனி கைப்பிடியோரம் நாலு செடித்தொட்டி வைத்தால் அவர்களுக்கும் மறைப்புத்தான். உங்கள் ஜன்னலும் அவர்களை நோக்கித்தானே இருக்கிறது.