போன வருட மழையைப் பார்த்து இந்த வருடக் கடலையை விதைக்கலாமா?

கேள்வி: ஐயா, வணக்கம். நாமக்கல் மாவட்டம் ராசிபுரம் பக்கம் எங்களுக்கு நான்கு ஏக்கர் செம்மண் மானாவாரி இருக்கிறது. ஆடியில் நிலக்கடலை போடுவோம். முந்தின வருடம் மழை நன்றாகப் பெய்து காய் பிடித்தது. அந்தத் தைரியத்தில் போன வருடம் ஆடி பிறந்ததும் விழுந்த முதல் மழையிலேயே நான்கு ஏக்கரையும் விதைத்துவிட்டோம். முளைத்து வந்தபின் 20 நாள் ஒரு சொட்டு இல்லை. பாதிக்கு மேல் கருகிப்போனது. அப்புறம் ஆவணி, புரட்டாசியில் கொட்டித் தீர்த்தது, அதனால் என்ன பயன்? இந்த வருடம் தென்மேற்குப் பருவமழை இயல்பைவிடக் கூடுதல் என்று செய்தியில் சொல்கிறார்கள். நான்கு ஏக்கரும் போடலாமா? மழை ஏன் வருடத்துக்கு வருடம் இப்படி மாறுகிறது?

பதில்: அம்மா, ஏக்கருக்கு 50, 55 கிலோ விதைப்பருப்பு மண்ணில் போட்டு, அது கருகுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பது எவ்வளவு பெரிய வேதனை என்று எனக்குத் தெரியும். அதனால் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தச் செய்தியை நம்பி நான்கு ஏக்கரையும் ஒரே மழையில் விதைக்க வேண்டாம். இரண்டு ஏக்கர் முதலில், அதுவும் மண் ஒரு சாண் ஆழம் நனைந்த பிறகு.

‘இயல்பைவிடக் கூடுதல்’ என்று சொல்கிறார்களே, அது நாடு முழுவதற்கும் சேர்த்துப் போட்ட கணக்கு. ஜூன் முதல் செப்டம்பர் வரை இந்தியாவின் நீண்டகாலச் சராசரி மழை 87 செ.மீ. இதில் 96 முதல் 104 சதவீதம் வரை பெய்தால் இயல்பு, 90-க்குக் கீழே போனால் பற்றாக்குறை என்று வானிலைத் துறை பிரித்து வைத்திருக்கிறது. 2009-இல் 78 சதவீதம்தான் பெய்தது. 2019-இல் 110 சதவீதம் வந்தது. நாடு முழுவதையும் சேர்த்துப் பார்த்தே இவ்வளவு ஏற்ற இறக்கம் என்றால், ஒரு வட்டாரத்தில், ஒரு மானாவாரிக் காட்டில் அது இன்னும் பல மடங்கு. உங்கள் நான்கு ஏக்கருக்கும் அந்த 87 செ.மீ.க்கும் நேரடித் தொடர்பு எதுவும் கிடையாது.

ஏன் மாறுகிறது என்று கேட்டீர்கள். பெரிய காரணம் கடல். பசிபிக் பெருங்கடலின் நடுவிலும் கிழக்கிலும், நிலநடுக்கோட்டை ஒட்டிய நீர் சில வருடங்களில் வழக்கத்தைவிடச் சூடாகிவிடும். அதுதான் எல் நினோ. அப்போது காற்று மேலெழும் இடம் அந்தப் பக்கம் நகர்ந்துவிடும், நம் பக்கம் காற்று கீழிறங்கி மேகம் திரள்வது குறையும். நீர் குளிர்ந்தால் லா நினா, பெரும்பாலும் நல்ல மழை. 1904 முதல் 1924 வரை இந்திய வானிலைத் துறைக்குத் தலைவராக இருந்த கில்பர்ட் வாக்கர், பருவமழையை முன்கூட்டிச் சொல்ல வழி தேடும்போதுதான் பசிபிக்குக்கும் நமக்கும் இடையில் காற்றழுத்தம் மாறி மாறி ஏறி இறங்கும் ஊசலாட்டத்தைக் கண்டார். ஆனால் எல் நினோ என்றாலே வறட்சி என்று முடிவுகட்ட முடியாது. 1997-இல் மிக வலுவான எல் நினோ இருந்தும் நாட்டில் மழை 102 சதவீதம் பெய்தது. அந்த வருடம் இந்தியப் பெருங்கடலின் மேற்குப் பக்கம் சூடாகவும் கிழக்குப் பக்கம் குளிர்ந்தும் இருந்தது, அது நமக்குக் கைகொடுத்தது.

தமிழ்நாட்டில் இருக்கும் நமக்கு இதில் இன்னொரு முடிச்சும் உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலை குறுக்கே நிற்பதால் தென்மேற்குக் காற்றின் நேரடி மழை நமக்குப் பெரும்பாலும் வருவதில்லை. ஆடி, ஆவணியில் உங்கள் ஊரில் பெய்வது பெரும்பாலும் சாயங்காலம் இடி மின்னலோடு வரும் மழை. வட, மத்திய இந்தியாவில் பருவமழை வலுவாக இருக்கும் நாட்களில் இங்கே காற்று மட்டும்தான் அடிக்கும். அங்கே மழை இடைவெளி விட்டு, மழையைத் தரும் காற்றழுத்தத் தாழ்வுப் பட்டை இமயமலை அடிவாரத்துக்கு ஒதுங்கும்போது இங்கே சாயங்கால மழை கூடும். ஆக, செய்தியில் சொல்லும் நல்ல மழை உங்கள் காட்டுக்கு வறட்சியாகவும் வரலாம். வடகிழக்குப் பருவமழையும் இப்படித்தான். எல் நினோ இருந்த 2015-இல் நாட்டின் தென்மேற்கு மழை 86 சதவீதம்தான், ஆனால் டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மிதந்தது. 2016-இல் தென்மேற்கு நாட்டளவில் 97 சதவீதம் பெய்தும், தமிழ்நாட்டின் வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் குறைந்தது.

மொத்த மழையைவிட அது விழும் நாள்தான் பயிருக்கு முக்கியம். 2023-இல் நாட்டின் மொத்தக் கணக்கு 94 சதவீதம், கேட்கப் பெரிய குறையாகத் தெரியாது. ஆனால் அந்த ஆகஸ்ட், 1901-இலிருந்து உள்ள பதிவுகளிலேயே மிக வறண்ட ஆகஸ்ட். உங்களுக்குப் போன வருடம் நடந்ததும் இதேதான், மழை வந்தது, வேண்டிய நாளில் வரவில்லை.

இன்னொன்று. ‘போன வருடம் ஏமாற்றியது, இந்த வருடம் கொடுக்கும்’ என்றும், ‘முந்தின வருடம் பெய்தது, இந்த வருடமும் பெய்யும்’ என்றும் நாம் எல்லோரும் நினைக்கிறோம். பருவமழைப் பதிவுகளில் அப்படி ஒரு தொடர்ச்சி கிட்டத்தட்ட இல்லவே இல்லை. போன வருட மழை இந்த வருட மழையைப் பற்றி எதுவும் சொல்லாது. முந்தின வருடத் தைரியத்தில் விதைத்ததுதான் உங்களை அடித்தது.

இப்போது கருகியதற்கு வருகிறேன். நிலக்கடலை முதல் மூன்று, நான்கு வாரத்து வறட்சியை ஓரளவு தாங்கும் பயிர், ஆனால் அடியில் ஈரம் இருக்க வேண்டும். நீங்கள் விதைத்த மழை 10 மி.மீ. அளவில் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். காய்ந்த செம்மண்ணில் அது மேல் மூன்று, நான்கு அங்குலத்தை மட்டும்தான் நனைக்கும். விதை முளைக்க அது போதும், வேர் இறங்கப் போதாது. அதற்கு மேல் ஆடிக்காற்று இரண்டே நாளில் அந்த மேல் ஈரத்தை உறிஞ்சிவிடும். மேலே ஈரம், நடுவில் காய்ந்த மண், இதில் முளைத்த செடி எத்தனை நாள் நிற்கும்?

அதனால் மழை பெய்த மறுநாள் காலை மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போங்கள். மேட்டில் ஒன்று, பள்ளத்தில் ஒன்று, நடுவில் ஒன்று என்று மூன்று இடத்தில் ஒரு சாண் ஆழம் தோண்டுங்கள். குழியின் அடியிலிருந்து ஒரு கைப்பிடி மண்ணை எடுத்து இறுக்கிப் பிடியுங்கள். உருண்டையாக நின்று, விரலால் அழுத்தினால் உடைய வேண்டும். பிடிக்கும்போதே பொலபொலவென்று உதிர்ந்தால் அன்றைக்கு விதைக்க வேண்டாம், அக்கம்பக்கம் எல்லோரும் ஏர் பூட்டினாலும் சரி. அடி ஈரமும் மேல் ஈரமும் சேர வேண்டும் என்று பெரியவர்கள் சொன்னது இதைத்தான். ஒரே நாளிலோ அடுத்தடுத்த இரண்டு நாளிலோ 25, 30 மி.மீ. பெய்தால் அது கிடைக்கும். கோடை உழவைச் சரிவுக்குக் குறுக்கே ஓட்டியிருந்தால் ஈரம் இன்னும் நன்றாக இறங்கும்.

அப்படி ஈரம் சேர்ந்ததும் இரண்டு ஏக்கர் போடுங்கள். ஆறு வரிசைக் கடலைக்கு ஒரு வரிசை துவரை. கடலை ஏமாற்றினாலும், வேர் ஆழம் போகும் துவரை வடகிழக்கு மழையில் எழுந்துவிடும். மீதி இரண்டு ஏக்கருக்கு அடுத்த நல்ல மழை வரை காத்திருங்கள். அது 10, 15 நாள் தள்ளி வந்தால் நல்லதுதான், இரண்டு விதைப்பும் ஒரே வறட்சியில் பூக்கும் பருவத்தில் மாட்டாது. பூவிலிருந்து விழுது மண்ணுக்குள் இறங்கும்போதும் காய் பிடிக்கும்போதும் வரும் வறட்சிதான் மகசூலை உடைக்கும். ஆவணி பாதி தாண்டியும் மழை வராவிட்டால் அந்த இரண்டு ஏக்கரில் கடலையை மறந்துவிடுங்கள், புரட்டாசியில் கொள்ளு போடலாம். அதற்குக் கொஞ்ச ஈரமும் பனியும் போதும்.

ஜிப்சம் ஏக்கருக்கு 160 கிலோ. 40 நாளுக்கு மேல், மண்ணில் ஈரம் இருக்கும் நாள் பார்த்துப் போட்டு மண் அணையுங்கள். பயிர்க் காப்பீட்டையும் விட்டுவிடாதீர்கள். காரிஃப், அதாவது தென்மேற்குப் பருவத்து நிலக்கடலைக்கு நீங்கள் கட்டுவது காப்பீட்டுத் தொகையில் 2 சதவீதம்தான், கடைசி நாளைக் கூட்டுறவுச் சங்கத்தில் இப்போதே கேட்டு வையுங்கள். விதைக்கும் வாரத்தில் பருவ முன்னறிவிப்பைவிட, செவ்வாயும் வெள்ளியும் வரும் வேளாண் வானிலை அறிவிக்கைதான் உதவும். மேகதூத் செயலியில் தமிழிலேயே பார்க்கலாம்.

அடியும் வாயும் ஒரே அகலமான டப்பா ஒன்றைத் திறந்தவெளியில் வைத்து, தினமும் காலை எட்டரைக்கு ஸ்கேலால் அளந்து ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். முதல் இரண்டு ஏக்கர் விதைத்ததும் அந்த அளவுகளையும், குழியில் எத்தனை அங்குலம் நனைந்திருந்தது என்பதையும் எனக்கு எழுதுங்கள். மீதி இரண்டு ஏக்கரை அதை வைத்துப் பேசி முடிவு செய்வோம்.