பட்டியலில் இருக்கும் விமானிகள்

அன்புள்ள ஐயா,

நான் ஐந்து வருடமாகத் துணை விமானி. மாத ரோஸ்டர் (யார் எப்போது பறப்பது என்ற பணி அட்டவணை) கைக்கு வந்த நான்காம் நாளே மாறிவிடுகிறது. சென்ற வாரம் அதிகாலை 3 மணிக்கு எழுந்து மூன்று செக்டர் (ஓர் ஊரிலிருந்து இன்னொரு ஊருக்கு ஒரு பயணம் ஒரு செக்டர்) பறந்து முடித்தேன். பணி நேரத்தை நீட்டித்து இன்னொன்றும் போகச் சொன்னார்கள். முடியாது என்றேன். மறுநாள் மேலாளர் அழைத்து, "உங்களுக்கு மட்டும்தான் களைப்பா? நம்மிடம் போதுமான விமானிகள் இருக்கிறார்கள்" என்றார். நான் செய்தது தவறா?

பெயர் வேண்டாம்

அன்புள்ள நண்பருக்கு,

தவறே இல்லை. 'போதுமான விமானிகள்' என்ற அந்தப் பேச்சுதான் எனக்குக் கோபமூட்டுகிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு விமானம் நாளுக்கு 12 மணி நேரம் பறந்தால் வருடத்துக்கு 4380 மணி நேரம். ஒருவர் வருடத்தில் 1000 மணி நேரத்துக்கு மேல் பறக்கக் கூடாது என்பது பல நாடுகளில் விதி. யாருக்கும் காய்ச்சல் வராமல், யாரும் விடுப்போ பயிற்சியோ போகாமல் இருந்தால்கூட அந்த ஒரு விமானத்துக்கு ஐந்து கேப்டன்களும் ஐந்து துணை விமானிகளும் வேண்டும். அந்த 1000 என்பது தாண்டக் கூடாத எல்லை. அதையே எல்லோரும் எட்டியாக வேண்டும் என்று ஆள் எடுத்தால், ஒரு மூடுபனிக் காலை போதும், ரோஸ்டர் சரிந்துவிடும்.

இன்னொன்று, மொத்த எண்ணிக்கை சரியாக இருக்கும், கேப்டன்கள் குறைவாக இருப்பார்கள். புதிய கேப்டனைத் தயார் செய்யப் பயிற்றுநர் வேண்டும். அவரும் ஒரு கேப்டன்தான். அவரைப் பயிற்சிக்கு அனுப்பினால் இன்றைய விமானத்தை யார் ஓட்டுவது? அதனால் பயிற்சி தள்ளிப்போகும், பற்றாக்குறை இன்னும் கூடும். 2017 செப்டம்பரில் ரயன்ஏர் என்ற ஐரிஷ் விமான நிறுவனம் விமானிகளின் விடுப்பைத் திட்டமிடுவதில் கோட்டைவிட்டு, ஆறே வாரத்தில் சுமார் 2000 விமானங்களை ரத்து செய்தது. தப்பு தன்னுடையதுதான் என்று நிறுவனமே ஒப்புக்கொண்டது.

என் அண்ணனும் விமானிதான். வீட்டில் ஸ்டாண்ட்பை, அதாவது அழைத்தால் கிளம்பத் தயாராக, இருக்கும் இரவுகளில் கதவுக்குப் பின்னால் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை தொங்கும். தலையணைக்குப் பக்கத்தில் போன், சத்தம் முழுதாக வைத்திருக்கும். கழிவறைக்கும் அதை எடுத்துக்கொண்டுதான் போவார். போன் வராத இரவிலும் அவர் தூங்கி நான் பார்த்ததில்லை. சம்பளத்தைச் சொல்லிக் காட்டுபவர்கள் இதைப் பார்த்ததில்லை.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். பணி நேரத்தை நீட்டிக்கும் முடிவு பல நாட்டு விதிகளில் கேப்டனுடையது, அதுவும் உடன் பறப்பவர்களின் நிலையைப் பார்த்த பிறகு. களைப்பாக இருக்கிறேன் என்று நீங்கள் சொன்னால்தானே அவருக்குத் தெரியும்? சொன்னது உங்கள் கடமை. களைப்பு அறிக்கை இன்னும் கொடுக்கவில்லை என்றால் இன்றே எழுதிக் கொடுங்கள். 'மிகவும் சோர்வாக இருந்தேன்' என்று மட்டும் எழுதாதீர்கள். முந்தைய இரவு எத்தனை மணிக்குப் படுத்தீர்கள், எத்தனை மணிக்கு எழுந்தீர்கள், நீட்டிக்கச் சொல்லி எப்போது போன் வந்தது என்பதை நேரத்தோடு எழுதுங்கள். மறுநாள் மேலாளர் பேசியதையும் சேருங்கள். ஒரு நகல் உங்களிடம் இருக்கட்டும்.