மக்காச்சோள நாத்து ஊதாவாகுது, லாந்தனம் உரம் ஊத்துனதாலயா?

நண்பரே, லாந்தனம் (ஒரு அருமண் உலோகம்) நைட்ரேட் உரத்தையும் டிஏபியையும் (மணிச்சத்தை, அதாவது பாஸ்பரஸை, பாஸ்பேட்டா தர்ற உரம்) ஒரே கேன்ல கலந்து ட்ரே நாத்துக்கு மூணு தடவை ஊத்துனேன், இப்போ இலை ஓரம் ஊதாவாகுது, வேரும் ஓடலைன்னு எழுதியிருக்கீங்க. முதல்ல அடுத்த டோஸை நிறுத்துங்க.

லாந்தனம் பாஸ்பேட்டை கண்டா விடாது, புடிச்சு கரையாத உப்பா மாத்திடும், கிட்னி நோயாளிங்களுக்கு பாஸ்பரஸ் குறைக்க லாந்தனம் கார்பனேட் மாத்திரை கொடுக்கறதே இதுக்காகத்தான். உங்க கேன் அடியில வெள்ளையா மாவு மாதிரி படிஞ்சிருக்கான்னு பாருங்க, இருந்தா நீங்க போட்ட மணிச்சத்துல ஒரு பங்கு அங்கதான் கிடக்கு. மக்காச்சோள நாத்துல ஊதா வந்தா பெரும்பாலும் மணிச்சத்து கிடைக்கலைன்னு அர்த்தம் (ராத்திரி ரொம்ப குளிரா இருந்தாலும் வரும், அதையும் பாத்துக்கங்க).

வேர் விஷயம் வேற. லாந்தனம் அயனி சைஸ்ல கால்சியம் மாதிரியே இருக்கறதால வேர் செல்லுக்குள்ள கால்சியம் போற வழியை அடைச்சிடும், நுனி வளராது. ஒரு நாத்தை புடுங்கி வெள்ளை கிண்ணத்துல அலசி பாருங்க, நுனி வெள்ளையா கூரா இருந்தா பிழைச்சுக்கும், தடிச்சு பழுப்பா இருந்தா மனசை தேத்திக்கிட்டு புது தேங்காநார்ல மறுபடி விதைச்சிடுங்க.

சீனால 1980கள்ல இருந்தே லாந்தனமும் அதே இனத்து உலோகமான சீரியமும் கலந்த உரம் வயல்ல போடறாங்க, ரொம்ப கொஞ்சமா கொடுத்தா வேர் நல்லா வந்ததா சோதனைகள் இருக்கு, நான் மறுக்கல, ஆனா அளவு ஏறினா அதே பொருள் வேரை முடக்கிடும், அதுவும் இது பயிருக்கு கட்டாயம் வேணுங்கற சத்தே இல்ல. பிழைச்ச நாத்துக்கு டிஏபிய மட்டும் தனியா, லேசா கரைச்சு ஊத்துங்க. வேர் போட்டோ எடுத்து போடுங்க, பாக்கறேன்.