17 ஆண்டுகள் வைத்திருந்த கால்பந்துக் கழகத்தை 10 பவுண்டுக்கு விற்ற சர் ஜாக் ஹேவர்ட் ஏமாளியா?

பதில் எழுதும் எண்ணமே எனக்கு இருக்கவில்லை. எனக்கு முன் பதில் சொன்ன ஒருவர் "பிழைக்கத் தெரியாத மனிதர்" என்று ஒரே வரியில் தீர்ப்பை முடித்திருந்தார். என் சொந்தத் தம்பி உறவினர்களிடம் என்னைப் பற்றிச் சொல்வதும் அச்சு அசலாக இதே வார்த்தைதான். அதனால் உட்கார்ந்துவிட்டேன். கேள்வி கேட்ட நீங்களும் எதற்கோ பணம் கொடுத்துவிட்டு வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டவராகத்தான் இருப்பீர்கள்.

கணக்கை முதலில் முடித்துவிடுகிறேன். இங்கிலாந்தின் வுல்வர்ஹாம்ப்டன் வாண்டரர்ஸ் (சுருக்கமாக வுல்வ்ஸ்) கழகத்தை ஹேவர்ட் 1990இல் 21 லட்சம் பவுண்டுக்கு வாங்கினார். மைதானத்தைப் புதிதாகக் கட்டினார், ஆட்டக்காரர்களுக்குக் கொட்டிக் கொடுத்தார், 2007இல் விற்றார். அந்த 10 பவுண்டு ஒப்பந்தத்தில் எழுதுவதற்காக வைத்த பெயரளவுத் தொகை. வாங்கிய ஸ்டீவ் மார்கன் கழகத்துக்குள் 3 கோடி பவுண்டு போட வேண்டும் என்பதுதான் நிபந்தனை. தன் பைக்கு வரக்கூடிய பணத்தைக் கழகத்தின் பைக்குத் திருப்பிவிட்டார், அவ்வளவுதான்.

இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், நான் அந்த ஊரில் குடியிருந்தவன். 2003 செப்டம்பரில் மேற்படிப்புக்காகப் போனேன். கழகத்தின் மோலினோ மைதானத்திலிருந்து நடக்கும் தொலைவில், விட்மோர் ரீன்ஸ் பகுதியில் ஒரு மாடியறை. வாடகை வாரத்துக்கு 40 பவுண்டு. வீட்டுக்காரர் பஞ்சாபி முதியவர், வார்ப்பாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். என்னைப் "புத்தர்" என்று கூப்பிடுவார். பஞ்சாபியில் மகன் என்று பொருளாம். முதல் வாரம் முழுக்க, நான் சாதுவாக இருப்பதால்தான் கௌதமர் பெயர் வைத்திருக்கிறார் என்று நினைத்துப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

அக்டோபர் 25, சனிக்கிழமை. அவர் மகனுக்குக் காய்ச்சல், ஒரு டிக்கெட் மிச்சம். "வா புத்தர்" என்று இழுத்துக்கொண்டு போனார். கழகத்தின் நிறம் பழம்பொன்னும் கறுப்பும். அவருடைய தலைப்பாகையும் அதே பழம்பொன் நிறம், ஆட்ட நாளுக்கென்றே பெட்டியில் எடுத்து வைத்திருந்தது. எனக்குக் கால்பந்தில் ஆஃப்சைடு என்றால் என்னவென்றுகூட அன்று தெரியாது. எதிரணி லெஸ்டர் சிட்டி. இடைவேளையில் 3-0 என்று லெஸ்டர் முன்னிலை. எங்கள் வரிசையில் ஒரு குடும்பம் அப்படியே எழுந்து போனது. நாமும் போகலாமா என்று நான் கேட்டதும் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். காகிதக் கோப்பைத் தேநீரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அது ஆறும்வரை பேசவே இல்லை. பிறகுதான் கதையை ஆரம்பித்தார்.

1986இல் இந்தக் கழகம் நான்காம் டிவிஷனில் கிடந்ததாம். அதற்கு முந்தைய ஆண்டு பிராட்ஃபோர்டு மைதானத்தில் தீ பிடித்துப் பலர் இறந்த பிறகு பாதுகாப்பு விதிகள் இறுகின. இங்கே இரண்டு பக்க அரங்குகளைப் பூட்டிவிட்டார்கள். மைதானத்தையே நகராட்சிதான் வாங்கிக் காப்பாற்ற வேண்டியிருந்தது. "புல் முளைத்த படிக்கட்டில் நின்று பார்த்தேன் புத்தர். இப்போது நீ சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாயே, இந்த நாற்காலி அந்த ஆள் வாங்கியது" என்றார். அந்த ஆள், ஹேவர்ட். இதே ஊரில் 1923இல் பிறந்தவர். பஹாமாஸின் ஃப்ரீபோர்ட் நகரத்தை வளர்த்துப் பெரும் பணம் பார்த்தவர்.

இன்னொன்றும் சொன்னார். ஹேவர்ட் இரண்டாம் உலகப் போரில் விமானியாக இருந்தவர். பர்மாவில் போரிட்ட 14வது படைக்கு டகோட்டா விமானத்திலிருந்து உணவும் தளவாடமும் போட்டவர்களில் ஒருவர். அந்தப் படையில் பெரும்பகுதி இந்தியர்கள். வீட்டுக்காரரின் தந்தையும் அதில் சிப்பாய். "என் அப்பா தின்ற கோதுமை மாவு இவர் போட்ட மூட்டையாகக்கூட இருக்கலாம்" என்று சிரித்தார். அன்று மாலை அவர் முதலில் சிரித்தது அப்போதுதான்.

இரண்டாம் பாதியில் வுல்வ்ஸின் காலின் கேமரன் இரண்டு கோல், அலெக்ஸ் ரே ஒன்று. முடியச் சில நிமிடங்கள் இருக்கையில் ஹென்றி கமாரா நான்காவதை அடித்தார். 4-3. கிழவர் என் தோளைப் பிடித்து உலுக்கியதில் ஜாக்கெட்டின் தையல் விட்டுவிட்டது. அந்த ஜாக்கெட்டை நான் இன்னும் தூக்கிப் போடவில்லை. அந்தப் பருவத்தின் முடிவில் வுல்வ்ஸ் கடைசி இடம் பிடித்துக் கீழ்ப்பிரிவுக்கு இறங்கியது என்பதையும் மறைக்கவில்லை. 19 ஆண்டு காத்திருந்து மேல்பிரிவுக்கு ஏறியது ஒரே ஆண்டில் இறங்கிவிட்டது.

இப்போது சிலர் கிளம்பி வருவார்கள். வரியில்லா ஊரில் சம்பாதித்த கோடீஸ்வரனுக்கு வக்காலத்தா, பேரரசு விசுவாசிக்குத் தமிழன் பாராட்டா என்று. அவருடைய பட்டப்பெயரே பிரிட்டிஷ் கொடியின் பெயரான "யூனியன் ஜாக்"தான், எனக்கும் தெரியும். அவர் அரசியலுக்கு நான் ஓட்டுக் கேட்கவில்லை. அவர் எதற்குக் கொடுத்தார் என்று மட்டும் பாருங்கள். பிரிஸ்டல் கால்வாயில் உள்ள லண்டி தீவு 1969இல் விற்பனைக்கு வந்தபோது 1,50,000 பவுண்டு கொடுத்து, பாரம்பரிய இடங்களைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்புக்கு வாங்கித் தந்தார். ஃபாக்லாந்து கரையில் துருப்பிடித்துக் கிடந்த, பொறியாளர் புருனெல் வடிவமைத்த "கிரேட் பிரிட்டன்" என்ற பழைய கப்பல் 1970இல் பிரிஸ்டல் திரும்பியதிலும் அவர் பணம் உண்டு. 1973இல் பெண்களுக்கான முதல் கிரிக்கெட் உலகக் கோப்பைக்கு 40,000 பவுண்டு கொடுத்தார். ஆண்களின் உலகக் கோப்பை நடந்தது அதற்கு இரண்டு ஆண்டு கழித்து! 2025இல் நவி மும்பையில் நம் பெண்கள் கோப்பையைத் தூக்கியபோது மணிக்கணக்கில் பேசினார்களே, நான் பார்த்த ஒரு சேனலில்கூட இந்த மனிதரின் பெயர் வரவில்லை.

அவர் ஏமாந்ததும் உண்டு. லண்டிக்காக அவரை அணுகிய பிரிட்டிஷ் லிபரல் கட்சித் தலைவர் ஜெரமி தார்ப் பின்னர் 1974 தேர்தலுக்கும் பணம் கேட்டார். கொடுத்தார். அதில் 20,000 பவுண்டு ஒரு கொலைச் சதியின் செலவுக்குத் திருப்பப்பட்டது என்று 1979இல் அரசுத் தரப்பு வழக்கு நடத்தியது. தார்ப் விடுதலையானார், அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் நல்லெண்ணத்தில் பணம் கொடுத்தவர் ஓல்டு பெய்லி நீதிமன்றத்தில் சாட்சிக் கூண்டு ஏற வேண்டியிருந்தது. இவ்வளவும் பட்ட பிறகுதான், அறுபதைத் தாண்டிய வயதில், வுல்வ்ஸை வாங்கினார். நன்கொடை எங்கே போகும் என்று தெரியாத அப்பாவி இல்லை.

எனக்கு அந்த அளவு மனம் இல்லை. நான் படித்த பள்ளியின் மைதானத்தைச் சமன் செய்ய முன்னாள் மாணவர் குழு வழியாக 2016இல் ஒன்றரை லட்சம் ரூபாய் அனுப்பினேன். அடுத்த கோடையில் போய்ப் பார்த்தால் மைதானம் பழையபடி கல்லும் நெருஞ்சியும். வாசலில் மட்டும் புத்தம் புது வளைவு, அதில் குழுத் தலைவரின் அப்பா பெயர், "நினைவாக" என்று. கணக்குக் கேட்டதற்கு, "கொடுத்ததைச் சொல்லிக் காட்டுகிறாயா?" என்று ஒரு பதில். டியூப்லைட் வாங்கிக் கொடுத்துவிட்டு வெளிச்சம் மறைகிற அளவுக்கு "உபயம்" எழுதுகிறவர்களைக்கூட மன்னித்துவிடலாம், அவர்கள் எழுதுவது சொந்தக் காசில். அதற்குப் பிறகு நான் ஒரு ரூபாய் அனுப்பவில்லை. தம்பி இன்றும் அந்த வளைவு வழியாகப் போகும்போதெல்லாம் எனக்குப் படம் எடுத்து அனுப்புகிறான்.

2007இல் நான் ஊர் திரும்பியிருந்தேன். விற்பனைச் செய்தி வந்த அன்று வீட்டுக்காரர் போன் செய்தார். முன்னரே தகவல் சொல்லியிருந்தால் தானே 11 பவுண்டு கொடுத்திருப்பாராம். "நிபந்தனையில் 3 கோடி இருக்கிறதே?" என்றேன்.

"அதற்குத்தான் புத்தர், நீ தராமல் போன கடைசி வார வாடகை இருக்கிறதே" என்றார்.