குறுந்தொகையை எப்படிப் படிப்பது?

கேள்வி: குறுந்தொகையை உரையோடு படிக்கிறேன். படிக்கும்போது புரிகிறது, புத்தகத்தை மூடினால் ஒன்றும் மனதில் நிற்பதில்லை. என்ன செய்வது? (ஒரு வாசகி, கும்பகோணம்)

பதில்: முதலில் உரையைப் படிப்பதுதான் சிக்கல். பொழிப்புரை பாட்டின் செய்தியைச் சொல்லிவிடும், ஆனால் அது வரும் வரிசையைக் கலைத்துவிடும். குறுந்தொகைக்கு உயிரே அந்த வரிசைதான்.

நாளுக்கு ஒரு பாட்டு போதும். பெரும்பாலும் 4 முதல் 8 அடிதானே. உரையை மறைத்துக்கொண்டு, வாய்விட்டு இரண்டு முறை படியுங்கள். கபிலரின் 25ஆம் பாட்டு இது:

யாரும் இல்லைத் தானே கள்வன்
தானது பொய்ப்பின் யானெவன் செய்கோ
தினைத்தாள் அன்ன சிறுபசுங் கால
ஒழுகுநீர் ஆரல் பார்க்கும்
குருகும் உண்டுதான் மணந்த ஞான்றே

பதம் பிரித்தால், 'தான் அது பொய்ப்பின் யான் எவன் செய்கோ': அவனே பொய்த்துவிட்டால் நான் என்ன செய்வேன்? பலரும் தடுமாறுவது மூன்றாம் அடியில்தான். தினைத்தாள் போன்ற அந்தச் சிறிய பசுங்கால் யாருடையது? விடை ஐந்தாம் அடியில், குருகு என்ற நீர்ப்பறவை. சங்கப் பாட்டில் பெயருக்கு முன்னால் அடைகள் இப்படி நீண்டுகொண்டே வரும். எந்தப் பெயரில் போய் முடிகின்றன என்று தேடி அடிக்கோடிட்டால் பாதிச் சிக்கல் தீரும்.

அடுத்து துறைக்குறிப்பு, அதாவது யார், யாரிடம், எந்தச் சூழலில் பேசுகிறார் என்று சொல்லும் குறிப்பு. தலைவன் மணத்தைத் தள்ளிப்போட, தலைவி தோழியிடம் சொல்வது இது. இப்போது மறுபடி பாட்டுக்கு வாருங்கள். 'யாரும் இல்லை' என்று தொடங்கியவள் 'குருகும் உண்டு' என்கிறாள். அவன் அவளைக் கூடிய நாளில் இருந்த அந்த ஒரே சாட்சியும் ஆரல் மீனையே பார்த்துக்கொண்டிருந்தது. இவர்களைப் பார்த்திருந்தாலும் வந்து சொல்ல அதற்கு வாய் ஏது? 'பயமாக இருக்கிறது' என்று அவள் ஓரிடத்திலும் சொல்வதில்லை. ஆனால் குருகின் கால் நிறம்வரை அவளுக்கு நினைவிருக்கிறது. இந்த ஐந்து அடியில் கபிலர் செய்திருப்பது மகத்தான காரியம்.

இதற்குப் பிறகு உரையைத் திறந்து சரிபாருங்கள். உரையில் இல்லாத ஏதாவது உங்களுக்குத் தோன்றியிருந்தால் பக்க ஓரத்தில் ஒரு வரி குறித்து வையுங்கள். அந்தப் பாட்டு மறக்காது.

கேள்வி: ஒரே புலவரைத் தொடர்ந்து படிக்க விரும்புகிறேன். யாரிடம் தொடங்கலாம்? (ஒரு வாசகர், திருநெல்வேலி)

பதில்: கபிலரிடமே. குறுந்தொகைக்குப் பின் ஐங்குறுநூற்றில் 201 முதல் 300 வரை. அந்தக் குறிஞ்சி நூறும் அவருடையவை. பிறகு புறநானூறு 105 முதல் 120 வரை வரிசை மாறாமல் படியுங்கள். 109இல், மூவேந்தரும் சேர்ந்து முற்றுகையிட்டாலும் வள்ளல் பாரியின் பறம்பு மலையைக் கொள்ள முடியாது என்று மார்தட்டுகிறார் கபிலர். மூன்று பாட்டு தாண்டினால் 112, 'அற்றைத் திங்கள்'. அது பாரி மகளிர் பாடியது. தந்தையும் இல்லை, குன்றும் இல்லை. பள்ளியில் தனிப்பாட்டாக மனப்பாடம் செய்தவர்களும் இந்த வரிசையில் படித்தால்தான் அதன் கனம் தெரியும்.

கபிலரின் குறிஞ்சிப்பாட்டைக் கடைசிக்கு வையுங்கள். 261 அடி, நடுவில் பூக்களின் பெயர்கள் அடுக்கடுக்காக வரும். அதில் தொடங்கினால் பாதியிலேயே சோர்ந்துவிடுவீர்கள்.