சுவரில் ஃபோம் ஒட்டினால் சாலைச் சத்தம் நிற்குமா?

கேள்வி: மார்த்தாண்டத்தை அடுத்து, நெடுஞ்சாலையோரத்தில் எங்கள் வீடு உள்ளது. இரவிலும் லாரிகள் ஓடுவதால், பன்னிரண்டாம் வகுப்பில் படிக்கும் மகளால் அறையில் அமர்ந்து படிக்க முடியவில்லை. சாலைப் பக்கச் சுவரில் ஃபோம் பேனல் ஒட்டினால் 90 சதவீதச் சத்தம் நின்றுவிடும் என்று கூறும் கடைக்காரர், அதற்கு 40,000 ரூபாய் கேட்கிறார். அவருடைய மாதிரி அறைக்குள் நுழைந்தபோது அமைதியாகத்தான் இருந்தது. வாங்கலாமா?

பதில்: தயவுசெய்து வாங்காதீர்கள். மாதிரி அறையில் நீங்கள் உணர்ந்த அமைதி உண்மையானதுதான். ஆனால் அது உங்களுக்குத் தேவையான அமைதி அல்ல. ஃபோம், அறைக்குள் எழும் ஒலி சுவரில் பட்டுத் திரும்பி எதிரொலிப்பதை உறிஞ்சிக்கொள்கிறது. அதனால் உள்ளே பேசும் குரல் அடங்கி ஒலிக்க, வெளிச்சத்தமும் நின்றுவிட்டதாக நமக்குத் தோன்றுகிறது. வெளியிலிருந்து வரும் ஒலியைத் தடுப்பதற்கு எடை வேண்டும். ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் சதுர மீட்டருக்கு 400 கிலோவுக்கு மேல் எடை கொண்டது. இரண்டு அங்குல ஃபோமோ அதே பரப்பில் இரண்டு கிலோகூட இருக்காது. 400 கிலோவைத் தாண்டி வந்த ஒலியை இந்த இரண்டு கிலோ எப்படி நிறுத்தும்? தெர்மோகோலின் கதையும் இதுவே. மேலும், சாதாரண ஃபோம் தீப்பிடித்தால் விரைவாக எரிந்து நச்சுப்புகையைக் கக்கும் என்பதால், பிள்ளைகள் படுத்துறங்கும் அறையில் அதை ஒட்டுவதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன்.

அந்த அறையில் சுவரின் மீது குற்றமே இல்லை என்று கருதுகிறேன். இரு பக்கமும் பூசிய செங்கல் சுவர் ஏறத்தாழ 50 டெசிபல் வரை தடுக்கும்போது, ஒற்றைக் கண்ணாடி போட்ட ஜன்னல் நன்றாக மூடியிருந்தாலும் அதில் பாதியளவே தடுக்கிறது. ஜன்னலுக்கு மேலுள்ள வெண்டிலேட்டர் ஓட்டையோ எதையுமே தடுப்பதில்லை. பரப்பில் நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தால்கூட, மீதிச் சுவர் எவ்வளவு கனமாக இருந்தாலும் மொத்தத் தடுப்பு 20 டெசிபலைத் தாண்டாது.

ஆகவே, முதலில் ஒரு கொத்தனாரைக் கொண்டு சாலைப் பக்க வெண்டிலேட்டரைச் செங்கல் வைத்து அடைத்து, இரு பக்கமும் பூசச் செய்யுங்கள். ஜன்னல் நிலைக்கும் சுவருக்கும் இடையிலுள்ள விரிசல்களைச் சிலிக்கானால் மூடி, கதவு ஓரங்களில் ரப்பர் பீடிங் ஒட்டி, கதவின் அடியிலுள்ள இடைவெளியையும் அடைக்கச் செய்யுங்கள். நம் மாவட்டத்து ஈரப்பதத்தில் அறையை முழுவதும் மூடினால் புழுக்கமும் பூஞ்சையும் வரும். சாலைக்கு எதிர்ப்புறத்தில் ஒரு காற்றுவழியைக் கட்டாயம் விட்டுவையுங்கள். இவை அனைத்தையும் சில ஆயிரம் ரூபாயில் முடிக்கலாம்.

அதன் பிறகும் போதவில்லையென்றால், பழைய ஜன்னலை அப்படியே விட்டு, நான்கு அங்குலம் உள்தள்ளி லேமினேட்டட் கண்ணாடி (இரு கண்ணாடிகளுக்கு நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டியது) பொருத்திய இரண்டாவது ஜன்னலைப் போடுங்கள். உங்கள் 40,000 ரூபாய்க்கு உகந்த இடம் அதுவே. லாரி எஞ்சினின் தாழ்ந்த உறுமலை அடக்குவது மிகக் கடினம் என்பதால், அதில் ஓரளவு மிஞ்சத்தான் செய்யும். ஹாரன் ஒலியும் டயர் இரைச்சலும் நன்றாகக் குறையும்.

எந்தப் பொருளை வாங்கினாலும் அதன் எஸ்.டி.சி. எண்ணைக் கேளுங்கள், ஒலியைத் தடுக்கும் திறனைக் காட்டுவது அதுதான். விற்பவர்கள் பெரும்பாலும் நீட்டும் என்.ஆர்.சி. எண், உறிஞ்சும் திறனை மட்டுமே சொல்லும். “90 சதவீதம்” என்ற உறுதியை ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள். மறுப்பவரிடம் வாங்க வேண்டாம். எழுதிக் கொடுத்தும் பலன் இல்லையென்றால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். அதிலும் தீராவிட்டால், இரண்டு ஆண்டுகளுக்குள் நாகர்கோவிலிலுள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது.

கேள்வி: மாடியில் குடியிருப்பவர்கள் நாற்காலி இழுக்கும் சத்தமும் நடக்கும் சத்தமும் தக்கலையிலுள்ள எங்கள் வீட்டில் அப்படியே கேட்கின்றன. ஜிப்சம் ஃபால்ஸ் சீலிங் போடலாமா?

பதில்: அதற்கு முன் மாடிக்குப் போய் அவர்களிடம் பேசுங்கள். தளத்தில் நேரடியாக விழும் அதிர்வு, கான்கிரீட் வழியாகச் சுவர்களுக்குள்ளும் இறங்கிவிடுவதால், கீழே எவ்வளவு செலவழித்தாலும் பாதிப் பலன்தான் கிடைக்கும். நாற்காலிக் கால்களுக்கு ரப்பர் குமிழ்களும், நடமாடும் இடத்தில் ரப்பர் அடி கொண்ட தடித்த விரிப்பும் உங்கள் செலவிலேயே வாங்கிக் கொடுத்தாலும் ஃபால்ஸ் சீலிங்கைவிட மலிவாகவே முடியும். சீலிங் போட்டே தீர வேண்டுமென்றால், கம்பிகளைத் தளத்தில் நேராக முடுக்காமல் ரப்பர் அல்லது ஸ்பிரிங் தொங்கிகளில் மாட்டி, உள்ளே ராக்வூல் எனும் கல்நூல் பஞ்சைப் பரப்பி, இரண்டு அடுக்கு ஜிப்சம் பலகை பொருத்தச் சொல்லுங்கள். தளத்தில் நீர்க்கசிவு இருந்தால், அதைச் சரிசெய்யும் வரை பலகையை வாங்கவே வேண்டாம்.

கேள்வி: மொட்டைமாடியில் போட்ட தகர ஷீட்டின் மீது மழை பெய்தால், கீழ் அறையில் பேச முடியவில்லை. என்ன செய்வது?

பதில்: கான்கிரீட் தளம் அந்தச் சத்தத்தில் பெரும்பகுதியைத் தடுத்துவிடும். அது மாடிப்படி வழியாக இறங்குகிறதா என்று பாருங்கள். படியின் உச்சியிலுள்ள தகரக் கதவை அகற்றி, ரப்பர் பீடிங்குடன் கனமான மரக்கதவு போட்டாலே வேறுபாடு தெரியும்.