நர்சிங் படிக்கிற பொண்ணு எந்த வார்டுல என்ன கத்துக்கறா?

திண்டிவனம் பக்கத்துல இருந்து ஒரு அம்மா கேட்டிருக்காங்க. பொண்ணு பிஎஸ்சி நர்சிங் ரெண்டாவது செமஸ்டர் முடிக்கப் போறாளாம், வார்டுக்குப் போனா பெட் விரிக்கறது, ஒடம்பு தொடைக்கறது, பெட்பேன் வைக்கறது இதைத்தான் செய்யச் சொல்றாங்களாம், "இதுக்கா இவ்ளோ ஃபீஸ் கட்டினோம், நெஜமான நர்சிங்கை எப்ப சொல்லிக்குடுப்பாங்க, எந்த போஸ்டிங்ல அவ எதை கவனிக்கணும்"னு கேக்கறாங்க.

16 வருஷமா ஸ்டூடண்ட்ஸை வார்டுக்கு கூட்டிட்டுப் போறேன் அம்மா, அதனால மொதல்ல இதைச் சொல்லிடறேன், உங்க பொண்ணு இப்ப செய்யறதும் நெஜமான நர்சிங்தான். படுத்த படுக்கையா இருக்கற ஒரு தாத்தாவை ஒருக்களிச்சு படுக்க வெச்சு முதுகு தொடைக்கறப்பதான் வால் எலும்புக்கு மேல தோல் செவந்திருக்கறது கண்ணுல படும், அதை விரலால அமுக்கிப் பாக்கணும், வெளுத்துட்டு திரும்ப செவந்தா பரவால்ல, அமுக்கியும் வெளுக்கலைன்னா படுக்கைப்புண் ஆரம்பிச்சாச்சு. நம்மூர் கறுத்த தோல்ல செவப்பு தெரியாமலே போயிடும், அதனால புறங்கையை வெச்சு அந்த எடம் மட்டும் சூடா இருக்கா, கெட்டியா இருக்கான்னு பாக்கச் சொல்லுவேன். டாக்டர் ரவுண்ட்ஸ்ல இது மாட்டாது, தொடைக்கறவ கண்ணுலதான் மாட்டும்.

அதே மாதிரி மூச்சு எண்றது. பல்ஸ் பாக்கற மாதிரியே கையைப் புடிச்சுக்கிட்டு நெஞ்சு ஏறி எறங்கறதை முழுசா 1 நிமிஷம் எண்ணணும், எண்றோம்னு பேஷண்ட்டுக்குத் தெரிஞ்சா அவர் மூச்சு விடற விதமே மாறிடும். பெரியவங்களுக்கு 12-ல இருந்து 20 வரைக்கும் நார்மல். நெறைய சார்ட்டுல எண்ணாமலே 18, 20னு எழுதிடுவாங்க. ஒரு தடவை எங்க முதல் வருஷ பொண்ணு ஒருத்தி "மேடம், எனக்கு 32 வருது, தப்பா எண்றேனா"ன்னு பயந்துகிட்டே வந்து கேட்டா, அதுக்கு மேல இருந்த நாலு என்ட்ரியும் 18. போய்ப் பாத்தா அவ எண்ணினதுதான் சரி, அரை மணி நேரத்துல அவரை ஐசியூவுக்கு மாத்தினோம். ஒடம்பு மோசமாகப் போகுதுன்னா பிபி எறங்கறதுக்கு முன்னாடியே பெரும்பாலும் மூச்சுதான் காட்டிக்குடுக்கும்.

இனிமே 3, 4 செமஸ்டர்ல பெரியவங்களோட மெடிக்கல், சர்ஜிக்கல் வார்டு. ஆபரேஷனுக்கு அனுப்பறதுக்கு முன்னாடி வெறும் வயிறா, கன்சென்ட், அதாவது சம்மதக் கையெழுத்து இருக்கா, நகப்பாலிஷ் அழிச்சாச்சா எல்லாம் பாக்கணும், தாலியைக் கழட்டச் சொன்னா அழற அம்மாகிட்ட எப்படிப் பேசறதுங்கறதும் அங்கதான் வரும். ஆபரேஷன் முடிஞ்சு வந்தப்புறம் யூரின் பேகைப் பாக்கணும், 60 கிலோ ஆளுக்கு மணிக்கு 30 மில்லிக்குக் கீழ போனா உடனே சொல்லணும்.

5, 6-ல குழந்தைங்க வார்டு, நான் ரொம்ப கண்டிப்பா இருக்கற எடம் இது. பாராசிட்டமாலை எடுத்துக்கோங்க. ஒரு வேளைக்கு கிலோவுக்கு 15 மில்லிகிராம்னு 10 கிலோ குழந்தைக்கு 150 மில்லிகிராம். 5 மில்லியில (எம்எல்) 125 மில்லிகிராம் இருக்கற சிரப்புன்னா 6 மில்லி, 5 மில்லியில 250 இருக்கறதுன்னா 3 மில்லி, ஒரு மில்லியிலேயே 100 இருக்கற டிராப்ஸ்னா ஒன்றரை மில்லிதான். சிரப்புக்கு சொன்ன 6 மில்லியை டிராப்ஸ்ல குடுத்துட்டா 600 மில்லிகிராம், நாலு மடங்கு உள்ள போயிடும். பாட்டில் லேபிளைப் படிக்காம எம்எல் கணக்கை வாயாலயே சொல்ற பழக்கம் அவளுக்கு வரவே கூடாது.

அதே சமயத்துலதான் மனநலமும் வரும். 1794-ல ஆரம்பிச்ச கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகம் மாதிரி எடங்களுக்கு ஸ்டூடண்ட்ஸ் பயந்துகிட்டுதான் போவாங்க. அங்க பேஷண்ட்கூட பேசினதை அப்படியே வரி வரியா எழுதிட்டு வரணும், அதுக்குப் பேரு ப்ராசஸ் ரெக்கார்டிங், அதைத் திரும்பப் படிச்சா நாம எங்க குறுக்க பேசினோம், எங்க புத்தி சொல்ல ஆரம்பிச்சோம்னு நமக்கே தெரியும்.

பிரசவ வார்டு 6, 7-ல. பிரசவம் எப்படி முன்னேறுதுன்னு காட்டற பார்ட்டோகிராஃப் சார்ட்டை வரையறது, குழந்தையோட மூச்சு, இதயத்துடிப்பு, நெறம் எல்லாம் பாத்து மார்க் போடற அப்காரை 1 நிமிஷத்துலயும் 5 நிமிஷத்துலயும் பாக்கறது எல்லாம் உண்டு, ஆனா எல்லாரும் குழந்தையைக் கொஞ்சிகிட்டு இருக்கற அந்த மொத ரெண்டு மணி நேரம் அவ தாய்கிட்ட நிக்கணும், வயித்து மேல கை வெச்சு கர்ப்பப்பை கெட்டியா இருக்கா, பேட் எவ்ளோ நனையுதுன்னு கால் மணிக்கொருதரம் பாக்கணும், ரத்தப்போக்கு 500 மில்லி தாண்டினா அவசரம்.

கம்யூனிட்டி, அதாவது ஊருக்குள்ள போய்ப் பாக்கற நர்சிங், 5, 7-ல. வீடு வீடா பையோட போகணும், பேப்பர் விரிச்சு பையை வெச்சுட்டு மொதல்ல கை கழுவணும். பிபி பாட்டிகிட்ட "உப்பைக் கொறைங்க"ன்னு சொல்லிட்டு வந்தா பத்தாது, அடுப்பாங்கரையில ஊறுகா, அப்பளம், கருவாடு எவ்ளோ இருக்குன்னு பாத்துட்டுப் பேசணும். எட்டாவது செமஸ்டர் முழுக்க இன்டர்ன்ஷிப்.

பொண்ணுகிட்ட ஒண்ணு சொல்லுங்க, செஞ்ச வேலையை எல்லாம் குறிச்சு வெக்கற ப்ரொசீஜர் புக்ல சைன் வாங்கற அவசரத்துல ஓடாம தெனம் ஒரே ஒரு பேஷண்ட்கிட்ட கூட கொஞ்ச நேரம் நிக்கட்டும், சார்ட்டுல என்ன எழுதியிருக்கு, தன் கண்ணுல என்ன பட்டுச்சுன்னு ரெண்டையும் ஒரு சின்ன நோட்டுல பக்கத்துல பக்கத்துல எழுதிக்கட்டும், ரெண்டும் ஒத்துப் போகலைன்னா கூச்சப்படாம அப்பவே டூட்டி ஸ்டாஃப்கிட்ட போய்ச் சொல்லட்டும்.